ரத்தினம்மா இரண்டு இடத்தில் இருக்கிறாள்

போன மாதம் ஒரு மத்தியானம் கவிதா போன் செய்தாள். ஓசூரில் நான் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்த கம்பெனியில், என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள் அவள். ஓய்வு பெற்றவர்களுக்குக் கம்பெனியிலிருந்து போன் வந்தால் அநேகமாக யாரோ போய்விட்டார்கள் என்று அர்த்தம். கொஞ்சம் பயந்துகொண்டுதான் எடுத்தேன்.

“மேடம், பழைய வம்சாவளி எல்லாத்தையும் புது சிஸ்டத்துக்கு ஏத்திக்கிட்டு இருக்கறோம். ஒரு குடும்பத்துல மட்டும் எர்ரர் காட்டுது. ரத்தினம்மான்னு ஒரு பேரு ரெண்டு இடத்துல வருது. பேத்தியாவும் வருது, மருமகளாவும் வருது. ஒன்ன எடுத்துடட்டுங்களா?”

“எடுக்காத!”

நான் போட்ட சத்தத்தில் என் வீட்டுக்காரர் கையிலிருந்த பேப்பரைக் கீழே போட்டுவிட்டார். போனில் கவிதாவும் பயந்திருப்பாள். பாவம், நல்ல பெண். அவளுக்கு இரண்டு வரியில் சொல்லி முடிக்கிற சமாசாரமில்லை இது. “எதையும் தொடாத, எழுதித் தர்றேன்” என்றேன். அதைத்தான் எழுதுகிறேன்.

நான் பிறந்தது கல்லாவியில். ஊத்தங்கரையில் டைப்ரைட்டிங் லோயர், ஹையர் இரண்டும் பாஸ் செய்துவிட்டு, கல்யாணமாகி ஓசூர் வந்தேன். எழுபதுகளின் கடைசியில் தொழிற்பேட்டையில் வரிசையாகக் கம்பெனிகள் முளைத்துக்கொண்டிருந்தன. எங்கள் கம்பெனிக்குப் பெரிய கட்டடம் எழும்புவதற்கு முன்பே, தகரக் கொட்டகையில் பர்சனல் பிரிவு டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். கல்லாவித் தமிழைத் தவிர எதுவும் பேசத் தெரியாது. ஆறே மாதத்தில் கேட்டில் நிற்கிறவரிடம் தெலுங்கில் கோபித்துக்கொள்ளவும், கேன்டீனில் கன்னடத்தில் காபி கேட்கவும் கற்றுக்கொண்டேன். ஓசூரில் அது இல்லாமல் ஆகாது.

எனக்கு மேலே ராவ் சார். பர்சனல் ஆபீசர். கன்னடக்காரர், ஆனால் பிறந்து வளர்ந்ததெல்லாம் இந்தப் பக்கம்தான். ஒல்லியான மனிதர். சட்டைப் பையில் எப்போதும் மூன்று பென்சில் இருக்கும், மூன்றும் சீவியிருக்கும். நாம் எதைச் சொன்னாலும் அவர் கேட்கிற முதல் கேள்வி, “யாரு சொன்னது?” என்பதுதான். “இன்னிக்கு மழை வரும் போல சார்” என்று சொன்னால்கூட, “யாரு சொன்னது?” என்பார். ஆரம்பத்தில் எரிச்சலாக வரும். அப்புறம் என் வீட்டில் நானே அப்படிக் கேட்க ஆரம்பித்துவிட்டேன்.

கம்பெனிக்காக நிலம் எடுத்தபோது, கெலவரப்பள்ளி அணைக்குப் போகிற வழியில் இருந்த சில கிராமங்களில் கம்பெனி ஒரு வாக்குக் கொடுத்தது. நிலம் கொடுத்தவரின் பிள்ளைகள் ஒவ்வொருவரும் ஒரு கிளை. கிளைக்கு ஒருவருக்கு வேலை. வேலை காலியாகக் காலியாக, மூன்று தவணையாகக் கொடுப்பார்கள். ‘மகன்களின் கிளை’ என்றுதான் முதலில் எழுதியிருந்தார்கள். ராவ் சார் உட்கார்ந்து வாதாடி, மகன் ஆனாலும் மகள் ஆனாலும் கிளை கிளைதான் என்று மாற்ற வைத்தார். அந்தத் தாளை டைப் அடித்தவள் நான்.

வாக்குக் கொடுத்தாயிற்று. யார் யாருக்குப் பிள்ளை என்று கண்டுபிடிக்க வேண்டுமே. அதற்காக வீடு வீடாகப் போய் வம்சாவளி எழுதினோம். ராவ் சாருக்கு அதில் ஒரு முறை உண்டு. யாரையும் ஆபீசுக்குக் கூப்பிடக்கூடாது, நாம்தான் வீட்டுக்குப் போக வேண்டும். ஆபீசுக்கு வந்தால் பயத்தில் பாதிப் பேரை மறந்துவிடுவார்கள் என்பார். வீட்டில் மூத்தவர் சொல்லச் சொல்ல அவர் பென்சிலில் எழுதுவார். அதே சமயம் நான் உள்ளே போய் அடுப்பங்கரையில் பெண்களிடம் தனியாகக் கேட்க வேண்டும். ஏனென்றால் ஆண்கள் சொல்கிற வம்சாவளியில் கட்டிக்கொடுத்த பெண்கள் பாதிப் பேர் காணாமல் போயிருப்பார்கள். நான் கொண்டுவருகிற பெயர்களையும் சேர்த்து எழுதி முடித்த பிறகு, அந்த வீட்டார் பேசுகிற பாஷையிலேயே ஒவ்வொரு பெயராக உரக்கப் படிப்பார். ஒவ்வொரு பெயருக்கும் நிறுத்தி, “ஹௌதா?” என்று கேட்பார். கன்னடத்தில் சரிதானா என்று அர்த்தம்; எந்த பாஷை வீடானாலும் அந்த ஒரு வார்த்தை மட்டும் அதுதான். அவர்கள் “ஹௌது” என்று சொன்னால்தான் அடுத்த பெயர். எல்லாம் முடிந்த பிறகுதான் பெயர்களுக்கு மேல் பேனா; கோடுகள் பென்சிலிலேயே இருக்கும். கடைசியில் மூத்தவரின் கைநாட்டு.

ஒரு வீட்டில் அப்படி எல்லாம் படித்து முடித்துவிட்டோம். அந்த வீட்டு அம்மா கதவோரம் நின்றுகொண்டு, “ஒன்னு விட்டுப் போச்சுங்க” என்றார். பிறந்து மூன்றாம் நாளே போய்விட்ட ஒரு பெண் குழந்தை. அதற்குப் பெயர்கூட வைக்கவில்லை. வேலைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று நான் சாரைப் பார்த்தேன்.

“பொறந்தது பொறந்ததுதாம்மா. எழுது” என்றார். ‘பெண், மூன்று நாள்’ என்று எழுதி, “ஹௌதா?” என்று படித்தேன். அந்த அம்மா அழுதுகொண்டே “ஹௌது” என்றார். வெளியே வந்து ஜீப்பில் ஏறும்வரை நானும் மூக்கை உறிஞ்சிக்கொண்டுதான் வந்தேன்.

இப்படியே பத்துப் பன்னிரண்டு வருஷம் ஓடியது. இரண்டு தவணை வேலையும் கொடுத்து முடிந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கடைசித் தவணை வந்தபோது, கம்பெனிக்குப் புதிதாக ஒரு ஜெனரல் மேனேஜர் வந்திருந்தார். அவர் ஒரு கம்ப்யூட்டரையும், வெளிநாட்டிலிருந்து யாரோ கொண்டுவந்து கொடுத்த ஒரு வம்சாவளி புரோகிராமையும் எங்கள் பிரிவில் இறக்கினார். கறுப்புத் திரை, பச்சை எழுத்து. அதை ஓட்டக் கற்றுக்கொடுக்க ராஜேஷ் என்று ஒரு இன்ஜினியர். பம்பாயில் பிறந்து வளர்ந்த தமிழர், அப்போதுதான் படிப்பு முடித்தவர். ஏசி அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுப் போக வேண்டும் என்று அவர் சொன்னதும், நான் அந்த மெஷினைக் கும்பிட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தேன். அவர் சிரித்தார்.

சும்மா சொல்லக்கூடாது, அந்தப் புரோகிராம் எனக்குப் பிடித்திருந்தது. ஒரு குடும்பம் முழுவதையும் ஏற்றி வைத்துவிட்டால், எந்தப் பெயரைத் தலையாக வைக்கிறோமோ அதற்குக் கீழே உள்ள பிள்ளைகள், பேரன் பேத்திகளை மட்டும் தனியாகப் பிரித்து எடுத்துக் கொடுத்துவிடும். எத்தனை தலைமுறை வேண்டும் என்று கேட்கும், சொன்னால் போதும். நாங்கள் ஒரு நாள் முழுக்க ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு எடுக்கிற ஒரு கிளையை, அது கரகரவென்று பிரிண்டரில் துப்பிவிடும். கிளைக்கு ஒரு தாள். அதை வைத்துத்தான் கடைசித் தவணை வேலை. அதற்கு மேல் வேலை கிடையாது என்று ஜெனரல் மேனேஜர் தெளிவாகச் சொல்லியிருந்தார். இன்னொன்றும் சொல்லியிருந்தார். புரோகிராம் தானே சரிபார்த்து, ‘பிழைகள்: 0’ என்று காட்டிய பிறகுதான் தாளைப் பிரித்தெடுக்க வேண்டும்.

அந்தச் சமயம் பார்த்து ராவ் சாருக்குக் கண்ணில் புரை. பெங்களூரில் ஆபரேஷன். போகும்போது என்னிடம், “மெஷின் எழுதட்டும். ஆனா படிக்கறது நீ வீட்டுக்குப் போய்ப் படிக்கணும். ஒரு வீடும் விடக்கூடாது” என்றார். தலையாட்டினேன்.

இப்போது ரத்தினம்மா வீட்டுக்கு வருகிறேன். நிலம் கொடுத்த பெரியவர் தொட்டமுனியப்பா. அவர் எப்போதோ போய்விட்டார். அவருக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவள் லட்சுமம்மா, அடுத்தவர் நஞ்சப்பா, கடைசி வெங்கடப்பா. லட்சுமம்மாவுக்கு ஒரே மகள் ரத்தினம்மா. அந்த ரத்தினம்மாவைக் கட்டிக்கொண்டவர், அவளுடைய தாய்மாமனான வெங்கடப்பா. நம் பக்கத்தில் இது ஒரு சேதியே இல்லை. அக்கா மகள் இருக்க வெளியே பெண் தேடினால்தான் ஊர் கேள்வி கேட்கும். ராவ் சாருடைய பென்சில் தாளில், ரத்தினம்மாவின் பெயர் லட்சுமம்மாவுக்குக் கீழே இருக்கும். அங்கிருந்து ஒரு வளைந்த கோடு கிளம்பி வெங்கடப்பாவின் பக்கத்தில் போய் நிற்கும்.

நான் தாள் தாளாகப் பார்த்து ஏற்றியதில் ரத்தினம்மா இரண்டு தடவை ஏறிவிட்டாள். லட்சுமம்மாவின் மகளாக ஒன்று, வெங்கடப்பாவின் மனைவியாக ஒன்று. இரண்டும் ஒருவரே என்று சேர்க்கும் கட்டளையைக் கொடுத்தேன். உடனே மெஷின் பீப் என்று கத்தியது. புருஷன் தாயோடு கூடப்பிறந்தவன், இப்படி இருக்க முடியாது, சரிபார்க்கவும் என்று திரையில் வந்தது. பிழைகள்: 1.

பக்கத்தில் நின்றிருந்த ராஜேஷ் குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். “மேடம், இங்கே மாமாவையே மேரேஜ் பண்ணிக்குவாங்களா? சொந்த மாமாவையா? சீ!”

அவர் கெட்டவர் இல்லை. அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஆனால் எனக்கு முகம் சிவந்துபோய்விட்டது. ஏனென்றால் நான் கட்டியிருப்பது என் அம்மாவின் சொந்தத் தம்பியைத்தான். தினமும் சாயங்காலம் ஸ்கூட்டரில் வந்து கேட்டில் நிற்கிறவர் அவர்தான். ‘ஆமாம் சார், நானும் அப்படித்தான்’ என்று சொல்ல எத்தனை நேரம் ஆகியிருக்கும்? சொல்லவில்லை. “பழைய காலத்துல பண்ணியிருப்பாங்க சார்” என்றேன். அவசரமாகச் சேர்த்ததைப் பிரித்தேன். இரண்டு ரத்தினம்மாவில் ஒருத்தியை அழித்தேன். வெங்கடப்பாவின் பக்கம் இருந்தவளைத் தொட்டால், அவள் மகன் போன தவணையில் வாங்கிய வேலைக் காகிதங்களோடு சிக்கிக்கொள்ளும். அதனால் லட்சுமம்மாவுக்குக் கீழே இருந்தவளை அழித்தேன். பிழைகள்: 0. ராஜேஷ் கை தட்டினார்.

அப்புறம் லட்சுமம்மாவைத் தலையாக வைத்துப் பிரித்தெடுத்தேன். தாளில் ஒரே ஒரு பெயர்தான் வந்தது. லட்சுமம்மா. சந்ததி இல்லை.

அதைப் பார்த்ததும் எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைத்தது என்றுதான் நினைக்கிறேன். நாற்பது குடும்பம் பாக்கி இருந்தது, ஜெனரல் மேனேஜர் தினம் இரண்டு தடவை எட்டிப் பார்த்தார். பிரிண்ட் எடுத்த தாளைக் கொண்டுபோய் வீடு வீடாகப் படிப்பதெல்லாம் தேவையில்லை என்றார். அவர் சொன்னது எனக்கு வசதியாக இருந்தது. ஒரு வீட்டுக்கும் போகவில்லை. சந்ததி இல்லாத கிளையின் வேலை, விதிப்படி அதே குடும்பத்தில் அடுத்த கிளைக்குப் போனது. நஞ்சப்பாவின் இரண்டாவது மகன் மஞ்சுநாத்துக்கு ஆர்டர் அனுப்பினோம். பட்டியலைப் பஞ்சாயத்து ஆபீஸ் சுவரில் ஒட்டினார்கள். கீழே என் பெயர், ‘சரிபார்த்தவர்: சரோஜா’.

மூன்றாம் நாள் செக்யூரிட்டி போன் செய்தார். ஒரு அம்மா கேட்டில் உட்கார்ந்துகொண்டு நகர மாட்டேன் என்கிறார், சரோஜா யார் என்று கேட்கிறார் என்றார்.

போனேன். நாற்பது நாற்பத்திரண்டு வயதிருக்கும். பூத்தோட்ட வேலையிலிருந்து அப்படியே வந்திருந்தார், கையெல்லாம் ரோஜா முள் கிழித்த கோடுகள். பக்கத்தில் மகள் சாந்தா, ஐ.டி.ஐ. சர்டிபிகேட்டை பிளாஸ்டிக் உறையில் போட்டு மார்போடு பிடித்துக்கொண்டு நின்றாள். வெங்கடப்பா இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அப்பா கிளையில் வேலை வாங்கிய மகன், கல்யாணம் கட்டிக்கொண்டு ஆனேக்கல் பக்கம் மாமனார் வீட்டோடு போய்விட்டான். பாட்டி கிளையில் ஒரு வேலை வரும் என்ற நம்பிக்கையில்தான், தாய் கூலிக்குப் போய் மகளைப் படிக்க வைத்திருந்தார்.

ரத்தினம்மா வேலையைப் பற்றி முதலில் பேசவே இல்லை.

“எங்கம்மாவுக்குப் புள்ளயே இல்லைன்னு எழுதி ஒட்டியிருக்கீங்களாமே. கொழாயடில கேக்கறாங்க, அப்ப நீ யாருக்குப் பொறந்தேன்னு. நான் என்னாங்க சொல்றது?”

“கம்ப்யூட்டர்ல ஏதோ தப்பு ஆயிடுச்சும்மா” என்றேன்.

“கம்ப்யூட்டருக்கு எங்கம்மாவ எப்படிங்க தெரியும்? கீழ உங்க பேருதான இருக்குதாம்?”

சாந்தா தாயின் தோளைத் தொட்டு, “எந்திரும்மா, போலாம்” என்றாள். “ஏன் போவணும்? எங்கம்மா மலடி இல்லைன்னு எழுதிக் குடுக்கட்டும், போறேன்” என்றார் அவர். நான் சொல்லிச் சொல்லி, வாக்குக் கொடுத்து, ஒரு வழியாக அனுப்பிவைத்தேன். என்ன வாக்குக் கொடுத்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

அந்த வாரக் கடைசியில் ராவ் சார் வேலைக்குத் திரும்பினார். கண்ணில் பச்சைத் துணி, அதற்கு மேல் கறுப்புக் கண்ணாடி. ஒரு மாதம் எதையும் படிக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் எதிரில் நின்று நடந்ததைச் சொல்லத் தொடங்கினேன். வேலை போய்விடும் என்ற பயத்தில் ராஜேஷ், ஜெனரல் மேனேஜர், மெஷின் என்று சுற்றி வளைத்தேன்.

“யாரு தப்புன்னு கேக்கலம்மா. எந்த இடத்துல தப்புன்னு சொல்லு.”

சொன்னேன். பீப் சத்தத்தையும், ராஜேஷ் சிரித்ததையும், நான் வெட்கப்பட்டதையும் சொன்னேன். கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் அவர் எங்கே பார்க்கிறார் என்று தெரியவில்லை.

“சாயங்காலம் உன் வீட்டுக்காரரு ஸ்கூட்டர்ல வந்து நிப்பாரே. இந்த ஆளு யாருன்னே தெரியாதுன்னு சொல்லிட்டு, பஸ்ல போயிடுவியா?”

அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. பாத்ரூமுக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன். வந்தபோது பழைய பென்சில் தாளை எடுத்து வைக்கச் சொல்லியிருந்தார். அதில் வளைந்த கோடு அப்படியே இருந்தது. எனக்கு உயிர் வந்தது. எடுத்துக்கொண்டு இருவரும் ஜெனரல் மேனேஜரிடம் போனோம்.

அவர் அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பென்சில் கோடு, யார் வேண்டுமானாலும் போடலாம் என்றார். அண்ணன் ஊரில் இல்லாத அன்று கீழே கைநாட்டு வைத்தவர் வெங்கடப்பா, அவரும் இல்லை. ரத்தினம்மாவிடம் வேறு காகிதம் உண்டா என்று கேட்டார். வீட்டில் பிறந்தவள், பள்ளிக்கூடம் போகாதவள், ரேஷன் கார்டில் புருஷன் பெயர் மட்டும்தான். ஆர்டர் வாங்கியவன் கோர்ட்டுக்குப் போனால் என்ன பதில் சொல்வீர்கள் என்று ராவ் சாரையே கேட்டார். சார் பத்து வருஷமாக ஊரைக் கேட்ட கேள்வியை அன்றைக்கு அவரிடம் திருப்பிக் கேட்டார்கள். யார் சொன்னது?

“அந்தக் குடும்பத்தில் மூத்தவர் ஒருவர் எழுதிக் கொடுத்தால் மாற்றுகிறேன். திங்கட்கிழமை பையன் சேர வேண்டும். அதற்குள்” என்று முடித்துவிட்டார்.

லட்சுமம்மாவும் எப்போதோ போய்விட்டாள்; அந்தக் குடும்பத்தில் உயிரோடு இருந்த மூத்தவர் ஒருவர்தான். நஞ்சப்பா. மஞ்சுநாத்தின் அப்பா.

சனிக்கிழமை காலை போனோம். ரத்தினம்மாவையும் சாந்தாவையும் வரச் சொல்லியிருந்தோம். நஞ்சப்பா வீட்டில் பட்டுப்புழு வளர்த்தார்கள். கூடம் முழுக்க மூங்கில் தட்டுகள். புழுக்கள் இலை தின்கிற சத்தம் மழைத் தூறல் போலக் கேட்டுக்கொண்டிருந்தது. மல்பெரி இலை வாசனை. நஞ்சப்பா எங்களுக்குப் பாய் விரித்துவிட்டு, இலையை நறுக்க உட்கார்ந்துவிட்டார். எதற்கு வந்திருக்கிறோம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. மஞ்சுநாத் கதவில் சாய்ந்து நின்றான். ஆர்டர் சட்டைப் பையில் மடித்து வைத்திருந்தது. ரத்தினம்மா சுவரோரம் நின்றார். அவர் பிறந்த வீடு அது. ஆனாலும் உட்காரவில்லை.

நான் கையில் இரண்டு தாள் வைத்திருந்தேன். பென்சில் தாளை எடுத்தேன். ராவ் சார் கையை நீட்டித் தடுத்தார்.

“அது வேண்டாம். மெஷின்ல வந்துதே, அதைப் படி. எப்படி இருக்கோ அப்படியே.”

“சார், அது தப்பா இருக்கே...”

“அதனாலதான். எனக்குக் கண்ணு தெரியல, நீயே படி.”

என் அரைகுறைக் கன்னடத்தில் படிக்க ஆரம்பித்தேன். தொட்டமுனியப்பா, ஹௌதா? நஞ்சப்பா நிமிராமல், “ஹௌது” என்றார். மூத்த மகள் லட்சுமம்மா, ஹௌதா? “ஹௌது.” அடுத்த வரி வந்தது. ரத்தினம்மாவைப் பார்க்காமல் படித்தேன்.

“லட்சுமம்மா. சந்ததி இல்லை. ஹௌதா?”

நறுக்குகிற கத்தி நின்றுவிட்டது. புழுக்கள் தின்கிற சத்தம் மட்டும் கேட்டது. ராவ் சார் கோர்ட் என்றோ தர்மம் என்றோ பயமுறுத்தவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தார். நஞ்சப்பா முதலில் மகனைப் பார்த்தார். அப்புறம் கையிலிருந்த இலையைப் பார்த்தார். “ஹௌது” என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும், மகனுக்கு ஆயுசுக்கும் சோறு.

“இன்னொரு தரம் படி” என்றார் சார்.

படித்தேன். லட்சுமம்மா. சந்ததி இல்லை. ஹௌதா?

“அல்ல” என்றார் நஞ்சப்பா.

கன்னடத்திலும் தமிழிலும் அதற்கு ஒரே அர்த்தம்தான். அப்புறம் அவராகவே தமிழில் பேசினார், எனக்குப் புரிய வேண்டும் என்று.

“எங்கக்கா தலைப் பிரசவத்துக்கு இந்த ஊட்டுக்குத்தான் வந்துச்சு. இதா, இந்த ரூம்புலதான். மருத்துவச்சிய இட்டுக்கினு வர, மழையில நான்தான் ஓடினேன். இவ பொறந்ததும் மொதல்ல என் கையிலதான் குடுத்தாங்க. என் தம்பிக்கு இவளக் கட்டி வெச்சவனும் நான்தான். காயிதத்துல இல்லைன்னு வந்துச்சு. நம்ம புள்ளைக்கு வேல வருதேன்னு வாய மூடிக்கினேன். எங்கக்கா மலடி இல்லைங்க.”

சொல்லி முடித்ததும் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். ரத்தினம்மா அப்போதுதான் கீழே உட்கார்ந்தார். “மாவா” என்று மட்டும் சொன்னார். கன்னடத்தில் மாமா. நஞ்சப்பா ரத்தினம்மாவுக்குத் தாய்மாமன், அவர் புருஷனுக்கு அண்ணன்.

மஞ்சுநாத் சட்டைப் பையிலிருந்து ஆர்டரை எடுத்து என் முன்னால் வைத்தான். “நான் கேட்டனா மேடம்? நீங்களா குடுத்தீங்க, நீங்களா புடுங்கறீங்க. ஊரெல்லாம் ஸ்வீட் குடுத்துட்டேன்” என்றான். அவன் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. அவன் பெயரும் அந்தத் தாளில் என் கையால்தான் ஏறியது. மன்னிப்புக் கேட்டேன், அவன் நின்று கேட்கவில்லை. பின்னால் குருபரப்பள்ளியில் ஹைவே ஓரமாகப் பஞ்சர் கடை வைத்து, அது டயர் கடையாக வளர்ந்து, நன்றாகவே இருக்கிறான். என்னைக் கண்டால் இன்றைக்கும் முகத்தைத் திருப்பிக்கொள்வான். நியாயம்தான்.

ரத்தினம்மாவிடமும் சொன்னேன். “தப்பு மெஷினோடது இல்லம்மா, என்னோடது. நானும் எங்க மாமாவத்தான் கட்டியிருக்கேன். யாரோ சிரிச்சாங்கன்னு உங்கள அழிச்சிட்டேன்.” அவர், “உங்க மாமா நல்லா வெச்சுக்கறாருங்களா?” என்றார். தலையாட்டினேன். “அப்புறம் எதுக்குங்க வெக்கம்?” என்றார். அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை.

பிறகு ராவ் சார் பென்சில் தாளை எடுக்கச் சொன்னார். முதலிலிருந்து படித்தேன். லட்சுமம்மாவின் மகள் ரத்தினம்மா, ஹௌதா? நஞ்சப்பாவை முந்திக்கொண்டு ரத்தினம்மாவே “ஹௌது” என்றார். வெங்கடப்பாவின் மனைவி ரத்தினம்மா, ஹௌதா? அதற்கும் “ஹௌது” என்றார். நஞ்சப்பா கைநாட்டு வைத்தார். மல்பெரி இலைச் சாறும் மையும் சேர்ந்து அந்த ரேகை பச்சையாக விழுந்தது.

அன்றே ஆபீசுக்கு வந்து மெஷின் முன்னால் உட்கார்ந்தேன். அழித்தவளைத் திரும்ப ஏற்றினேன். இருவரும் ஒருவரே என்று சேர்த்தேன். பீப். ராஜேஷ் ஓடி வந்தார்.

“மறுபடியும் எர்ரரா மேடம்?”

“எர்ரர் இல்ல சார், கல்யாணம். எனக்கும் இதே மாதிரிதான். எங்கம்மாவோட தம்பிதான் எங்க வீட்டுக்காரரு.”

அவருக்கு முகம் செத்துவிட்டது. “சாரி மேடம்” என்று மூன்று தடவை சொன்னார். சாயங்காலம் கேட்டில் என் வீட்டுக்காரரிடம் போய்க் கை கொடுத்தார். என்ன விஷயம் என்று தெரியாமல் இவரும் ரொம்ப மரியாதையாகக் கை கொடுத்தார்.

‘பிழைகள்: 1’ என்று இருக்கிறபடியே லட்சுமம்மா கிளையைப் பிரித்தெடுத்தேன். லட்சுமம்மா, அவளுக்குக் கீழே ரத்தினம்மா, அவளுக்குக் கீழே ஒரு மகன், ஒரு மகள். அந்தத் தாளில் ராவ் சார் தடவித் தடவிக் கையெழுத்துப் போட்டார். ஜெனரல் மேனேஜர் முகம் சுளித்தார், ஆனால் வாக்கு மாறவில்லை. திருத்திய பட்டியலைப் பஞ்சாயத்து ஆபீசில் நானே போய் ஒட்டினேன். சாந்தா அடுத்த வாரம் அசெம்ப்ளி பிரிவில் சேர்ந்தாள். அன்றிலிருந்து நான் ஓய்வு பெறும்வரை, வீட்டில் போய்ப் படிக்காத ஒரு தாளிலும் என் கையெழுத்து விழவில்லை.

இதையெல்லாம் எழுதி அனுப்பியதும் கவிதா மறுபடி போன் செய்தாள். அசெம்ப்ளி பிரிவில் சூப்பர்வைசராக இருக்கும் சாந்தா மேடமா இது என்று கேட்டாள். அவளேதான் என்றேன். சாந்தாவோடு வீட்டுக்குப் போய் ரத்தினம்மாவிடம் படித்துக் காட்டிவிட்டு, அப்புறம் ஏற்று என்றேன். ஞாயிற்றுக்கிழமை போயிருக்கிறாள். ரத்தினம்மாவுக்கு இப்போது எழுபத்தைந்து தாண்டியிருக்கும், காது மந்தம். கவிதா கத்திப் படித்தாளாம்.

“எல்லா பேருக்கும் கரெக்டா சொன்னாங்க மேடம். ரத்தினம்மான்னு மகள் இடத்துல படிச்சப்ப ஹௌதுன்னாங்க. சரின்னு நான் அடுத்த பேருக்குப் போயிட்டேன். கையப் புடிச்சு நிறுத்திட்டாங்க. ‘எங்க ஊட்டுக்காரர் பக்கத்துல இன்னொரு தரம் இருப்பனே, அதையும் படி’ன்னாங்க.”

“படிச்சியா?”

“படிச்சேன் மேடம். அதுக்கும் ஹௌதுன்னாங்க. அப்புறந்தான் கைய விட்டாங்க.”